இசக்கியின் முறை

"முறை இப்பம் யார் கையில இருக்கு? பேரச் சொல்லுங்க சார்."

இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே இசக்கிச்செல்வியிடம் ஹெப்ரான் சார் சொல்லியிருந்தார். சம்பளம் எப்போது ஏறும் என்று கேட்கலாம். பெண்கள் கழிவறைக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லை என்று கேட்கலாம். பதில் வராது, ஆனால் கேட்டதில் தப்பில்லை. முறை யார் கையில் என்பது மட்டும் அந்த ஆபீஸில் வாயில் வரக்கூடாத கெட்ட வார்த்தை.

அதையும் அவள் யார் முன்னால் வைத்துக் கேட்டாள்? பாசன சங்கத் தலைவர் பூதத்தான் அண்ணாச்சி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். கேள்வி விழுந்ததும் பிஸ்கட்டில் பாதி டீக்குள் விழுந்தது.

விஷயம் இதுதான். தாமிரபரணியிலிருந்து பிரிந்து பத்தமடைப் பக்கமாக ஓடுகிற கோரைவாய்க்காலில் மேலிருந்து கடைசி வரை வரிசையாக மடைகள். ஒரே நேரத்தில் இரண்டு மடைகள் திறந்தால் இரண்டு வயலுக்கும் ஒழுங்காகத் தண்ணீர் ஏறாது. அதனால் ஒருவர் பாய்ச்சி மூடிய பிறகுதான் அடுத்தவர். அதற்குப் பெயர்தான் முறை. யாருடைய முறை என்பதில் அந்த வாய்க்கால்காரர்கள் பாட்டன் காலம் தொட்டு ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்து வந்தார்கள். ஹெப்ரான் சார் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தவர். அங்கே படிக்க ஆள் வருவது நின்றதும் சங்கத்துக்காரர்களைப் பார்த்துப் பேசினார். ஒவ்வொரு மடைக்கும் இரும்புப் பலகை, அதைத் தூக்கி இறக்க மோட்டார், பக்கத்தில் சிம் போட்ட ஒரு பெட்டி. முறையை இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டர் கொடுக்கும். தண்ணீர் தேவையில்லாதவர்கள் போனில் 'வேண்டாம்' என்று அமுக்கினால் போதும். மற்றவர்களுக்குப் பெயர் பதிந்த வரிசைப்படி முறை வரும். முறை வந்த மடை தானாகத் திறக்கும், பாய்ந்ததும் மூடும், மூடியதும் முறை அடுத்தவருக்குப் போகும்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வேறு. முறை யார் கையில் என்று யாருக்கும் காட்டாது. 'பயன்பாட்டில் உள்ளது' என்று மட்டும் வரும். பெயர் தெரிந்தால்தானே மண்டையை உடைக்க முடியும்?

அந்த 'பயன்பாட்டில் உள்ளது' இப்போது நாள்கணக்காக அசையாமல் நிற்கிறது. எல்லா மடையும் மூடிக்கிடக்கிறது.

"செல்வி, வெளிய போயி உக்காரு. அண்ணாச்சி போன பொறவு பேசுவோம்," என்றார் ஹெப்ரான் சார்.

"அண்ணாச்சி இருக்கும்போதுதான் சார் பேசணும். வாய்க்கால் ததும்பி ஓடுது. எங்க மடைக்கு முன்னால எங்கம்மா நின்னு ஓடுத தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்கா. நாத்து மஞ்சளாயிட்டு. இன்னைக்குப் பாயலன்னா கருகிரும். எவனோ ஒருத்தன் முறையைக் கையில வச்சுக்கிட்டு மடையும் தொறக்காம, விடவும் மாட்டேங்கான். அவன் பேரு எனக்கு வேணும்."

அண்ணாச்சி டீக்குள் விரலை விட்டு பிஸ்கட்டைத் தேடினார். "இது கடைமடை முத்துராணி மவளா வே? படிச்ச பிள்ளைன்னாவளே."

"ஆமா, படிச்ச பிள்ளைதான். எங்க வீட்ல காலேஜ் வாசப்படிய மிதிச்ச மொத ஆளு நாந்தான். மிதிச்ச காலுக்கு வயலும் தெரியும் அண்ணாச்சி."

"ஏம்ட்டி இப்பிடிப் பாயுத? எம் மடையுந்தான் மூடிக் கெடக்கு. நான் கேட்டனா?"

"ஒங்களுது தலைமடை. ஒங்களுக்கு நட்டு முடிஞ்சாச்சி. 'வேண்டாம்'னு அமுக்கிட்டு வந்து பிஸ்கட் திங்குதீங்க."

ஹெப்ரான் சார் இரண்டு கைகளையும் விரித்தார், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை முடித்துவைக்கிறவர் மாதிரி. "ஏம்மா, இந்த வாரம் ஒரு புகார் வந்திருக்கா? ஒரு போன்? ஒரு அரிவாள்? கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து வாய்க்கால் இவ்வளவு சமாதானமா இருந்ததே இல்ல. மேலக்காரனுக்கும் தண்ணி இல்ல, கீழக்காரனுக்கும் இல்ல. இதவிட என்ன நீதி வேணும்?"

"நாத்துக்குத் தண்ணி வேணும்."

"பொறு. சிக்னல் கோளாறுன்னு எல்லாருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பு."

"அனுப்ப மாட்டேன். பேரு தெரியலன்னா நேர மடைக்குப் போயி பலகையக் கடப்பார வச்சு நெம்பிருவேன். போலீஸ் வந்தா, ஹெப்ரான் சார் ஆபீஸ்ல வேலை பாக்குத பிள்ளன்னு சொல்லுவேன்."

அவள் சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அசைந்தது அதற்காக இல்லை. அண்ணாச்சி கப்பைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாத்துருவோமே வே. எனக்கும் தெரியணும்லா?"

ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மனிதருக்குத்தான் எல்லோரையும்விட ஆசை. ஹெப்ரான் சார் ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் கடவுச்சொல்லைத் தட்டினார். மூன்று தலைகளும் திரையை நோக்கிக் குனிந்தன.

முறை வைத்திருப்பவர்: இசக்கி.

"எந்த இசக்கி?" என்றார் அண்ணாச்சி.

நியாயமான கேள்வி. கோரைவாய்க்காலில் கல்லை விட்டெறிந்தால் ஒரு இசக்கி மேல்தான் விழும். இசக்கித்தாய், இசக்கிதுரை, இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி என்று பாதி மடை இசக்கிகளுடையது.

"மீதிப் பேரு எங்க வே?"

ஹெப்ரான் சார் திரையைத் தட்டிப் பார்த்தார், மீதிப் பெயர் உள்ளே எங்கோ சிக்கியிருப்பது போல. பக்கத்து அறையிலிருந்து ஸமீஹா எட்டிப் பார்த்தாள். மேலப்பாளையத்துப் பெண், அந்த ஆபீஸில் இசக்கிச்செல்வியைத் தவிர வேலை செய்கிற ஒரே ஆள் அவள்தான்.

"பேருக்கு ஆறு இடந்தான் சார் விட்டிருக்கீங்க. கம்ப்யூட்டருக்குப் புள்ளி ஒரு இடம், கொம்பு, சுழி ஒவ்வொண்ணும் ஒரு இடம். இசக்கின்னு அடிச்சா ஆறும் தீந்துரும். அதுக்குப் பொறவு உள்ளத வெட்டிரும்."

இசக்கிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெப்ரான் சார் அவள் பெயரையும் வெட்டினார். 'இசக்கின்னு வேண்டாம்மா, கிராமத்துப் பேரா இருக்கு, செல்வி போதும்' என்றார். கழுத்தில் தொங்குகிற கார்டில் செல்வி மட்டும்தான். அவர் முன்னால் வெட்டுகிறார், அவருடைய கம்ப்யூட்டர் பின்னால் வெட்டுகிறது. இடையில் மாட்டிக்கொண்ட ஒரு முழு ஆளைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை.

அண்ணாச்சி போனை எடுத்தார். "ஏலே, வாய்க்கால்ல இருக்க இசக்கி அம்புட்டு பேரையும் ஒரு குட்டியானை வண்டியில ஏத்தி பாளையங்கோட்டைக்கு அனுப்பு. ஆம்பள பொம்பள பாக்காத. இசக்கியா, ஏத்து."

குட்டியானை வந்தது. நாற்று நடவுக்குப் போகிற கூட்டம் போல இறங்கி மாடி ஏறினார்கள். செருப்புகளை வாசலில் விட்டுவிட்டுச் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். ஏன் வரவழைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அரசாங்கம் இசக்கிகளுக்கு ஏதோ கொடுக்கப்போகிறது என்று வண்டியில் பேச்சு ஓடியிருக்கிறது. இசக்கிமுத்து ஆதார் அட்டையைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"முறைய அமுக்கி வச்சிருக்கது யாருலே?" என்றார் அண்ணாச்சி.

இசக்கித்தாய் முந்தானையை அவிழ்த்து உதறிக் காட்டினாள். ஒரு வெற்றிலையும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. "இந்தா பாத்துக்கிடுங்க. மடியில கெட்டியா கொண்டாந்திருக்கேன்?"

"இவந்தான் அண்ணாச்சி." இசக்கிதுரை பக்கத்தில் நின்ற இசக்கிப்பாண்டியைக் காட்டினான். "நேத்து வரப்புல சிரிச்சுக்கிட்டே போனான். தண்ணி இல்லாதவன் எதுக்குச் சிரிக்கான்?"

"ஏலே, போன்ல படம் பாத்துச் சிரிச்சேன். இசக்கி மேல சத்தியமா என்ட்ட முறை இல்ல."

"எந்த இசக்கி மேல?" என்றார் அண்ணாச்சி கறாராக.

"சாமி இசக்கி மேல அண்ணாச்சி. இவன் மேல சத்தியம் பண்ணி என்ன ஆவப் போவுது?"

ஒவ்வொரு இசக்கியும் இன்னொரு இசக்கியைக் காட்ட, விசாரணை அறையை ஒரு சுற்று சுற்றி மறுபடியும் இசக்கித்தாயிடம் வந்து நின்றது. அவள் வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "எல்லா இசக்கியும் வந்தாச்சின்னு யாரு சொன்னா? இந்தா நிக்காளே, முத்துராணி மவ. இவளும் இசக்கிதான? இசக்கிச்செல்வின்னு இவளுக்குப் பேரு வைக்கும்போது நான்லா சீனி கொடுத்தேன்."

எல்லாத் தலையும் திரும்பியது.

ஹெப்ரான் சார் அவள் கழுத்துக் கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீ இசக்கியா?"

"நீங்கதான் சார் வெட்டுனீங்க."

"களவாணிதான் மொதல்ல கத்துவான்னு நெனச்சேன்," என்றார் அண்ணாச்சி. "கத்துன சத்தத்துலயே எனக்கு ஒரு இது இருந்துச்சி."

"நான் வச்சிருந்தா எங்க நாத்து எதுக்கு அண்ணாச்சி காயுது? வச்சிருக்கவ தொறந்து பாச்சிருக்க மாட்டாளா?" அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. "பேரு பேருன்னு நின்னா பொழுது விடியாது. பேர விடுங்க. சத்தத்தப் பிடிப்போம்."

சத்தம் என்று அவள் சொன்னது இதை. மடைப் பெட்டி ஒவ்வொன்றும், பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது பிள்ளைகள் சொல்வது போல, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு 'உள்ளேன், உள்ளேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அது நின்றுபோனால் ஆள் இல்லை என்று கம்ப்யூட்டர் முறையைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாய்க்கால் பக்கம் சிக்னல் காற்றடிக்கிற திசையைப் பொறுத்தது. பாதி வயல் பாயும்போது பெட்டிக்கு வாய் அடைத்து, முறை கைமாறி, போன வாரம் மறுபடியும் மண்வெட்டிகள் தூக்கப்பட்டன. உடனே ஹெப்ரான் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். பதிந்த பெயர்கள் எல்லாவற்றுக்காகவும் ஆபீஸ் கம்ப்யூட்டரே 'உள்ளேன்' சொல்லிவிடும். கேட்பதும் அதுதான், பதில் சொல்வதும் அதுதான். காலேஜில் கடைசி பெஞ்சுக்காரர்கள் கொடுக்கிற ப்ராக்ஸி.

அன்றைக்கே இசக்கிச்செல்வி சொன்னாள்: "சார், இப்பிடிச் செஞ்சா இல்லாத ஆளும் 'உள்ளேன்'னு சொல்லுவான்."

"இல்லாத ஆளுக்கு எதுக்கும்மா தண்ணி?" என்று சிரித்தார் அவர்.

இப்போது அவள் ஸமீஹாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் ஒவ்வொரு பேருக்கா ப்ராக்ஸிய நிப்பாட்டுதேன். எவன் வாயப் பொத்தும்போது முறை விழுதோ, அவன்தான் வச்சிருக்கான். ஸமீஹா, பேரச் சொல்லு."

"இசக்கித்தாய்."

நிறுத்தினாள். முறை அசையவில்லை. இசக்கித்தாய் "பாத்தியளா!" என்று உட்கார்ந்தாள், பரீட்சையில் தேறியவளாக.

"இசக்கிதுரை." அசையவில்லை. "இசக்கிமுத்து." அசையவில்லை, ஆதார் அட்டை சட்டைப்பைக்குள் போனது. இசக்கிப்பாண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றதும் இசக்கிதுரைதான் ரொம்ப வருத்தப்பட்டான். இசக்கிகள் முடிந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மற்றவர்களையும் ஒவ்வொருவராக வாயை அடைத்தாள். கடைசி மடையும் அடங்கியது. கோரைவாய்க்கால் முழுக்க ஒரு குரல் இல்லை.

ஆனால் ஒரு 'உள்ளேன்' மட்டும் வந்துகொண்டிருந்தது. நிதானமாக, தவறாமல்.

"இதுக்குப் பெட்டி நம்பரே இல்லட்டி, நிப்பாட்ட வழியில்ல," என்று ஸமீஹா கிசுகிசுத்தாள். "மடையும் இல்ல. மடையே இல்லாத ஆளு யாரு?"

இசக்கிச்செல்வி அந்தக் குரலைப் பிடித்து, அது கிளம்புகிற இடம் வரைக்கும் போனாள். அது இந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அங்கே பெயரை யாரும் வெட்டியிருக்கவில்லை. முழுதாக இருந்தது.

இசக்கியம்மன் துணை.

அண்ணாச்சியின் தோளிலிருந்த துண்டு அவர் சொல்லாமலே இடுப்புக்கு இறங்கியது. சுவரோரம் இருந்தவர்கள் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் உள்ளே செருப்போடு வந்திருந்தவர். பதறிப்போய்க் கழற்றி வாசலுக்கு எறிந்தார்.

"அன்னைக்கு மேடையில..." என்று ஆரம்பித்த ஹெப்ரான் சார் அதோடு நிறுத்திக்கொண்டார்.

திறப்பு விழா மேடை எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. முதல் பெயரைத் தலைவர் பதியட்டும் என்று சொல்லி அண்ணாச்சியிடம் கீபோர்டைக் கொடுத்தார்கள். அவர் ஒற்றை விரலால், வியர்க்க வியர்க்க, கூட்டம் பொறுமையாகக் காத்திருக்க, எதை எழுதினாலும் உச்சியில் எழுதுவதை எழுதினார். கல்யாணப் பத்திரிகையில் எழுதுவதை, மளிகைச் சீட்டில் எழுதுவதை. கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். உச்சியில் எழுதுவது ஆள் கணக்கு இல்லை என்று அந்த மேடையில் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியாது. அது அம்மனை முதல் விவசாயியாகச் சேர்த்துக்கொண்டது. அம்மன் 'உள்ளேன்' சொல்லாததால் அவள் முறை வரும்போதெல்லாம் தானாகத் தாண்டிப் போயிருக்கிறது. போன வாரம் ஹெப்ரான் சார் எல்லோருக்கும் குரல் கொடுத்தார். அம்மனுக்கும் குரல் வந்தது. முறை வந்தது, வாங்கிக்கொண்டாள். மடையை மூடினால்தான் முறை கைமாறும். மூடுவதற்கு அவளிடம் ஏது மடை?

"சரி, தெரிஞ்சி போச்சி," என்றாள் இசக்கிச்செல்வி. "வெளியேத்திருவோம் சார்." அதற்குரிய இடத்தை அமுக்கினாள். பெரிய எழுத்தில் வந்தது: 'இசக்கியம்மன் துணை என்பவரை வெளியேற்றலாமா? ஆம் / இல்லை.' இதை ஹெப்ரான் சாரின் விரல்ரேகையோ, அவர் இல்லாதபோது ஸமீஹாவின் விரல்ரேகையோ வைத்துத்தான் செய்யமுடியும்.

ஹெப்ரான் சார் விரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "நான் வேதக்காரன்மா. நான் அம்மன வெளிய தள்ளுனேன்னு நாளைக்குச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுவான். சர்ச்லயும் நான் பதில் சொல்லணும். அம்மனுக்கு ஏன்யா மொதல்ல அட்மிஷன் கொடுத்தீரும்பாங்க."

"சாரு விரல் இல்லன்னா ஸமீஹா விரல்ரேகையும் எடுக்கும்."

"ஏ, என்னைய இழுக்காத!" ஸமீஹா இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். "எங்க வாப்பா கேட்டா என்ன சொல்லுவேன்? வேலைக்குப் போன எடத்துல சாமிய வேலைய விட்டுத் தூக்கிட்டேன்னா?"

"அண்ணாச்சி, நீங்கதான சேத்தீங்க?"

"சேத்தவன் போவச் சொல்லலாமா? கையில பிள்ளைய வச்சிருக்கவ. அவ கோவம் ஒனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கோயில்ல வச்சிப் பூக்கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா வெளியேத்துவோம். செவப்பு வந்தா இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? வெள்ளிக்கிழமை வரைக்கும் நாத்து இருக்குமா?"

"ஆத்தா சும்மா வாங்கி வச்சிருக்க மாட்டா," என்றாள் இசக்கித்தாய் யோசனையோடு. "அவளுக்குன்னு ஒரு மடை இல்லன்னு கொறைபோல."

ஹெப்ரான் சாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அட, அதான! அம்மனுக்குன்னு தனியா ஒரு மடை கட்டிருவோம். பலகை, மோட்டார், பெட்டி எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். அம்மன் முறை வந்தா மடை தொறக்கும், மூடும், முறை அடுத்தவங்களுக்குப் போயிரும். சுமுகமா முடிஞ்சுரும். அண்ணாச்சி, கொட்டேஷன் இப்பமே போட்டுத் தாரேன்."

"எந்த எடத்துல கட்டலாம்ங்கீரு?"

"கோயிலுக்கு நேரா."

"அங்கன வயலே இல்லையே வே."

"வயல் எதுக்கு? மடைதான வேணும்?"

அண்ணாச்சி ஆமோதித்தார். அந்த அறையில் இருந்த எல்லோரும் ஆமோதித்தார்கள். ஒரு தெய்வத்துக்காக, வயலே இல்லாத இடத்தில், தண்ணீர் போக இடமில்லாத ஒரு மடையைக் கட்டுவது, ஒரு பொத்தானை அமுக்குவதைவிட எளிது என்று இத்தனை பேரும் ஒரே மனதாக முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த மடையின் திறப்பு விழாவுக்கு யார் தலைமை என்கிற பேச்சுகூடத் தொடங்கிவிட்டது. அவளுடைய நாற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

அவள் போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். பின்னால் வாய்க்கால் ஓடுகிற சத்தம் அறைக்குள் கேட்டது.

"ஏட்டி, என்னாச்சி? யாரு வச்சிருக்காவளாம்?"

"அம்மன் வச்சிருக்காளாம்மா."

"எந்த அம்மன்?"

"நம்ம இசக்கியம்மன்."

தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடியது. "அவளுக்கு எதுக்குட்டி நாத்துத் தண்ணி?" என்றாள் முத்துராணி. "யாரோ அவ பேரச் சொல்லி வச்சிருக்கான். அவளா இருந்தா நான் காலையில இருந்து இங்கன நிக்கத பாத்துக்கிட்டு கம்முனு இருப்பாளா? அவட்ட நான் கேட்டேன்னு சொல்லு. விட்டுருவா."

சொல்லச் சொன்னாள் அல்லவா? சொல்லிவிட வேண்டியதுதான்.

வெளியேற்றுவதற்குத்தான் விரல் வேண்டும். தானாக விட்டுக்கொடுப்பதற்கு யார் விரலும் வேண்டாம். முறை வைத்திருப்பவர் பெயரை அடித்து உள்ளே போய், 'விடுகிறேன்' என்று அமுக்கினால் போதும். கடவுச்சொல்கூடக் கிடையாது, வாய்க்கால்காரர்கள் மறந்து மறந்து போன் பண்ணுகிறார்கள் என்று ஹெப்ரான் சாரே அதை எடுத்துவிட்டிருந்தார்.

முதலில், நிறுத்திவைத்த 'உள்ளேன்'களை எல்லா மடைக்கும் திருப்பிப் போட்டாள். கழுத்துக் கார்டு கீபோர்டில் இடித்தது. கழற்றி மேசைமேல் வைத்தாள். பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரை அடித்தாள், இசக்கிச்செல்வி என்று, சான்றிதழில் இருக்கிற மாதிரி முழுதாக. கம்ப்யூட்டர் ஆறு இடத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளியது.

'வணக்கம் இசக்கி. முறை உங்களிடம் உள்ளது.'

"ஏட்டி, என்ன செய்யுத?" அண்ணாச்சி எழுந்துவிட்டார். "குலசை தசராவுக்கு அம்மன் வேசம் கெட்டுதன்னு நெனச்சியா? அதுக்குக்கூட வெரதம் இருக்கணும்!"

"காலையில இருந்து ஒண்ணும் திங்கல அண்ணாச்சி. போதுமா?"

"செல்வி!" ஹெப்ரான் சாரின் குரல் கீச்சிட்டது. "இது ஆள்மாறாட்டம். அமுக்குனா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"ஆளே இல்லாத எடத்துல என்ன சார் ஆள்மாறாட்டம்?"

அமுக்கினாள்.

'இசக்கி வெளியேறினார். முறை வைத்திருப்பவர்: முத்து.'

மின்விசிறி நிற்கவில்லை, சுவர் விழவில்லை, யாருக்கும் கண் போகவில்லை. பிறகு அண்ணாச்சி திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"எந்த முத்து?"

அவ்வளவுதான். முத்துக்குமார், முத்துப்பேச்சி, முத்துராஜ் என்று ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். "அந்தப் பய முத்துராஜாத்தான் இருக்கும், அன்னைக்கே எனக்குச் சந்தேகம்," என்றான் இசக்கிதுரை. அண்ணாச்சி குட்டியானைக்காரனுக்குப் போன் போட்டார். "ஏலே, வண்டியத் திருப்பு. இந்தவாட்டி முத்து."

மேசைமேல் கிடந்த போனில் ஒரு மோட்டார் முனகத் தொடங்கியதை இசக்கிச்செல்வி மட்டும்தான் கேட்டாள். இரும்பு இரும்பில் உரசுகிற சத்தம். அப்புறம் தண்ணீரின் குரல் மாறியது. இதுவரை கடந்து போய்க்கொண்டிருந்த தண்ணீர் உள்ளே இறங்குகிற குரல்.

"ஏட்டி, தூக்குது! பலகை தன்னால தூக்குது!" என்று முத்துராணி கத்தினாள். "பைய, பைய வருது. நீ சொன்னியா அவட்ட?"

"சொன்னேம்மா. வையி, வாரேன். கரையத் தட்டிக் கொடுக்கணும்லா, நாத்து சாஞ்சிராம."

"இப்பமேவா? வேலை?"

"வாரேன், வையி."

போனையும் சாப்பாட்டு வாளியையும் எடுத்துக்கொண்டாள். கார்டை எடுக்கவில்லை. அதைக் கழற்றி வைத்தபோதே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. ஸமீஹா துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து அவள் முழங்கையைத் தொட்டாள். "கழிவறைத் தாழ்ப்பாள நீ கேளு," என்றாள் இசக்கிச்செல்வி. "விடாத."

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தன்னுடையதைத் தேடிக் காலில் மாட்டினாள். பின்னால் வந்த அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டியபடி, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கைகளை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தாயி... கோவமா போறியா?"

"ஆமா."

படியில் இறங்கினாள். "செல்வி, ஏ செல்வி!" என்று மேலேயிருந்து ஹெப்ரான் சார் கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் நடந்தாள்.